மெத்தை வேண்டாம் என்ற பிள்ளை

பத்து வயது முடிந்த பிறகும் நான் இரவில் பாயை நனைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும் துணிவு கிழவியான பிறகுதான் எனக்கு வந்திருக்கிறது. அந்த வயதில், வெளியில் யாருக்காவது தெரிந்தால் செத்தே போய்விடுவேன் என்று உண்மையாகவே நம்பினேன்.

முரசுமோட்டையில், குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணியில் எங்கள் வீடு இருந்தது. விடியுமுன் அம்மா என்னை எழுப்புவார். ஆட்கள் குளிக்க வருவதற்குள் பன்புல்லில் இழைத்த பாயை வாய்க்காலில் அலசி, பின்வேலியில் போட்டுவிடுவோம். வெயில் கொஞ்சம் ஏறினாலே அது காய்ந்துவிடும். அம்மா எள்ளை வறுத்து, சர்க்கரையோடு இடித்து உருட்டித் தந்து பார்த்தார். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தும் பார்த்தார். எள்ளுருண்டை நல்ல ருசி, அதைவிட வேறு பலன் இல்லை. ஆனால் ஒருநாளும் அவர் என்னை ஏசியதில்லை.

அப்பாவுக்கு இந்த விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும். பன்றியும் யானையும் வயலை அழிக்காமலிருக்க, பயிர் நிற்கும் காலமெல்லாம் அவர் காவல் கொட்டிலில் படுத்தார். சின்ன வயதுப் பழக்கம், எப்போதோ நின்றிருக்கும் என்பது அவருடைய நினைப்பு. என் மானத்தைக் காப்பாற்ற அம்மாவும் அதை மாற்றப் போகவில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். புலமைப்பரிசில் சோதனையில் நான் சித்தியடைந்ததால், யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விடுதியோடு இடம் கிடைத்தது. ஒழுங்கையால் போனவர் வந்தவர் எல்லோருக்கும் அப்பா சொல்லித் தீர்த்தார். நான் போகமாட்டேன் என்றேன்.

அப்பா ஒருமுறை போய் அந்த விடுதியைப் பார்த்துவிட்டு வந்தார். தன் வாழ்நாளில் மெத்தையில் படுத்தறியாத மனிதர். அவர் கண்ணுக்கு அங்கே வேறு எதுவும் பெரிதாகப் படவில்லை.

"ஆளுக்கொரு கட்டில் மோனை! மேல இலவம்பஞ்சு மெத்தை. நான் அமத்திப் பாத்தனான், கை அப்பிடியே உள்ளுக்குப் போகுது."

மெத்தையை எந்த வாய்க்காலில் அலசுவது? எந்த வேலியில் போடுவது?

"நான் போகமாட்டன்."

"ஏன் பிள்ளை? சுவிச்சைத் தட்டினா வெளிச்சம். பைப்பைத் திறந்தாத் தண்ணி. மணி அடிச்சாச் சாப்பாடு. இஞ்சத்தையப் போல யானைக்குப் பயந்து கிடக்கத் தேவையில்லை."

நான் அசையவில்லை. அவரும் விடுவதாக இல்லை. வயலால் வந்து கால் கழுவியதும் தொடங்கிவிடுவார். எங்கே தொடங்கினாலும் கடைசியில் மெத்தையில்தான் வந்து நிற்பார். ஒருநாள் அதற்கு மேலே வெள்ளை விரிப்பு என்றார். வெள்ளை என்று கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இந்தச் சேத்துக்குள்ள நீயும் கிடந்து மாயப் போறியோ? களை பிடுங்கிப் பிடுங்கிக் கொம்மாவின்ர கை கிடக்கிற கிடையைப் பார்!"

நான் பார்த்தேன். அம்மா கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார். எனக்குப் படிக்க ஆசை இல்லாமலா? இருந்த ஆசையும் பயமும் சேர்ந்து அப்பாமேல் கோபமாகத் திரும்பின. இவ்வளவு பெரிய மனிதனுக்கு இது விளங்கவில்லையே என்ற கோபம்.

"எனக்கு உங்கட மெத்தை வேண்டாம்! நான் அதை நனைச்சுப்போடுவன்! எல்லாப் பிள்ளையளும் சிரிப்பினம்!" என்று கத்திவிட்டு, குசினிக்குள் ஓடிப்போய் அடுப்படியில் இருந்து அழுதேன்.

அம்மா வாசலில் போய் நின்றார்.

"இஞ்சேருங்கோ, அவளைப் பேசாதேங்கோ. அவள் வேணுமெண்டு செய்யிறதில்லை."

"நான் ஏன் பேசப் போறன்," என்றார் அப்பா. குரல் நன்றாக இறங்கியிருந்தது.

அடுத்த நாள், நல்லது கெட்டதுக்கென்று வைத்திருந்த வேட்டியை உடுத்திக்கொண்டு முதல் பஸ்ஸில் மறுபடி யாழ்ப்பாணம் போனார். பின்னேரம் திரும்பி வந்தவர், மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் சொன்னார்:

"விடுதியைப் பாக்கிற மேற்றன் அம்மாவோட கதைச்சிட்டன். உனக்குப் பாய் தருவினமாம். கதவடியில இடம். விடிய முன்னம் அவாவே வந்து எழுப்புவாவாம். ஒருத்தருக்கும் தெரிய வராது."

அயல்வீட்டுப் பெண்கள் வந்தாலே எழும்பி மாட்டுப்பட்டிக்குப் போய்விடுகிறவர் அவர். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் இந்தக் கதையை எப்படி எடுத்தாரோ. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஓம், போறன்," என்றேன்.

மேற்றன் சொன்ன சொல் தவறவில்லை. முதன்முதல் பாய் நனைந்த விடியற்காலை, நான் அதை மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் பாயைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு காதுக்குள் சொன்னார்:

"பயப்பிடாதையும் பிள்ளை. உம்மட அப்பாவுக்கும் பதினாலு வயதுமட்டும் இருந்ததாம். பிறகு தானா நிண்டிட்டுதாம். அவர்தான் எனக்குச் சொன்னவர்."

எனக்குள் என்னவோ இறுக்கம் விட்டது. யானையை விரட்டுகிற என் அப்பாவும் ஒருகாலத்தில் இப்படி நின்றிருக்கிறார் என்றால், எனக்கு மட்டும் என்ன? அந்த வருடம் முடியுமுன் எனக்கும் நின்றுவிட்டது. நான் படித்தேன், உத்தியோகமும் பார்த்தேன். இதைப் பற்றி அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் என்னைவிட அவர்தான் கூடக் கூச்சப்பட்டிருப்பார்.

அப்பாவின் செத்தவீட்டுக்குத் தீவுப்பகுதியிலிருந்து அவருடைய அக்கா, என் மாமி, வந்திருந்தார். தாயில்லாத அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். எல்லாம் முடிந்து, மற்றவர்கள் அழுது ஓய்ந்து இருந்த வேளையில், இந்தக் கதையைச் சொன்னால் மாமி கொஞ்சம் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அப்பாவும் என்னைப் போலத்தானாம் மாமி. பதினாலு வயதுமட்டும் பாய் நனைச்சவராமே?"

மாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஆரடி உனக்குச் சொன்னது? அவன் பேச்சு வர முன்னமே அதை விட்டவன். ஒரே பாயில அவனோட படுத்தவள் நான், எனக்குத் தெரியாதே?"

அப்பாவேதான் மேற்றனிடம் சொன்னவர் என்று சொல்ல வாயெடுத்தேன். அவரைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.