தாடிக்காரன் திரும்பி வந்த கதை

எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று தாராவியில் எங்கள் சந்தே நம்பியது. அப்பா அப்படிச் சொல்லி வைத்திருந்தார். முனிசிபாலிட்டி பள்ளியில் நான் படித்ததோ மராத்தி. தமிழில் பத்துப் பன்னிரண்டு எழுத்துகள் தெரியும், மீதியெல்லாம் வாய்த்துணிச்சல்தான்.

என்னை முழுசாக நம்பியவள் அத்தை, அப்பாவின் தங்கை. மாமா கப்பல் வேலைக்குப் போய் நாலு வருடம். கடிதம் நின்று இரண்டு வருடம். அவள் எங்களோடு இருந்து, தோல் பைகளுக்குக் கைப்பிடி தைத்துக்கொண்டிருந்தாள். எழுத்து அறியாதவள். மெட்ராஸ் ரயிலில் வரும் வாரப் பத்திரிகையை படித்த தமிழர்கள் குடியிருக்கும் பக்கத்து மாட்டுங்காவில் வாங்கி வந்து, அதிலிருக்கும் படக்கதையைப் படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டுவாள்.

நான் படங்களைப் பார்த்து வாய்க்கு வந்ததைப் படித்தேன். போருக்குப் போன கணவனுக்காக ஒருத்தி ஆற்றங்கரையில் காத்திருந்தாள். பல வாரம் கழித்துக் குதிரையில் ஒரு தாடிக்காரன் வந்தான். மூக்கு அதே மூக்கு போலத் தெரிந்ததால் அவனையே கணவனாக்கிவிட்டேன். அத்தை தைப்பதை நிறுத்திவிட்டு அழுதாள். கடைசி வாரத்தில் கதாநாயகி கத்தியோடு அவனை நெருங்கினாள். கொஞ்சம் திகைத்து, தாடியை மழிக்கப் போகிறாள் என்று படித்து முடித்தேன்.

மறு வருடம் அந்தக் கதையைச் சினிமாவாக எடுத்தார்கள். மாட்டுங்காவில் ஞாயிறு காலைக் காட்சிக்கு அத்தை என்னை மட்டும் அழைத்துப்போனாள். சித்திரத்தில் கொடியிடையாக இருந்தவள் திரையில் நன்றாகப் பூசினாற்போல் இருந்தாள். குதிரை, டாங்கா வண்டியிலிருந்து அவிழ்த்து வந்தது போலிருந்தது. தாடிக்காரன் வந்ததும் அத்தை சந்தோஷத்தில் என் தொடையைக் கிள்ளினாள். ஆனால் அவன்தான் கணவனைக் கொன்றவனாம். கத்தி அவன் நெஞ்சில் இறங்கியது.

விளக்கு எரிந்ததும் அத்தை எழுந்து நின்றாள். "கதைய நாசமாக்கிப்போட்டானுவ! பொஸ்தவத்துல அவ மாப்ள திரும்பி வந்தாம்லா!"

பின்வரிசையில் மாட்டுங்காப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "ஏம்மா, பத்திரிகையிலயும் இப்படித்தான் வந்தது. அவ புருஷன் மூணாவது வாரமே செத்துட்டான். நான் அத்தனையும் கிழிச்சு பைண்ட் பண்ணி வெச்சிருக்கேன்."

அத்தை என் தோளைப் பிடித்தாள். "ஏட்டி, நீதான படிச்ச? சொல்லு."

"நான் அப்படிப் படிக்கவே இல்ல. அத்தைக்குத்தான் மறந்துபோச்சு" என்றேன்.

இதை எழுதும்போதும் காது சுடுகிறது. அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்களிடம், "ஆமா, எனக்குத்தான் மறதி" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். தப்பித்தோம் என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த வாரமும் பத்திரிகை வந்தது. புதுக் கதை. முதல் படத்திலேயே ஒருவன் படகில் ஏறிப் போகிறான். ஒருத்தி கரையில் நிற்கிறாள். மாட்டிக்கொள்ளாமல் இருக்க, விரல் வைத்து எழுத்துக் கூட்டுவதுபோலப் பாவனை செய்தேன்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு வேண்டாம்ட்டி. நீ எப்பவும் படிக்கிற மாதிரி படி" என்றாள் அத்தை.

என் வாசிப்பு அவ்வளவு நன்றாக இருக்கிறதாக்கும் என்று பெருமைப்பட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி ஆரம்பித்தேன்.