தாலியும் ஒரு சதவீத சார்ஜும்

என் மின்சாரக் கார் நிறுவனத்தின் மேல் எனக்குக் கட்சித் தொண்டனின் விசுவாசம். மைத்துனன் கல்யாணத்தன்று தாலியோடு தேயிலைத் தோட்டக் கோயிலுக்குப் புறப்பட்டோம். வழியில் தானா ராத்தா மலைநகரில் சார்ஜர் காலியாக இருந்தது. ஆனால், புதிதாக வந்த போட்டி நிறுவனத்துடையது.

“போட்டுடுங்க லா,” என்றாள் மனைவி.

“நம்ம கார் அங்க போய் நிக்கிறதா? மானம் போயிடும்.”

ஏற்றம் பேட்டரியைக் குடித்தது. உச்சியில் ஒரு சதவீதம். மனைவி தாலித்தட்டை இறுக்கிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். நல்லவேளை, அப்புறம் முழுக்க இறக்கம். மின்சாரக் கார் அல்லவா, வேகம் குறைக்கக் குறைக்கச் சார்ஜ் ஏறியது. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக, மூன்று சதவீதத்தோடு வெற்றி வீரனாக இறங்கினேன்.

“பாத்தியா நம்ம காரை?”

“எல்லாக் காருக்கும் இறக்கம் ஒண்ணுதாங்க.”

இப்போது எந்த நிறுவனத்தின் சார்ஜரிலும் செருகிவிடுகிறேன். பக்கத்தில் நிற்கும் போட்டிக் கார்க்காரரிடம் நலம்கூட விசாரிக்கிறேன்.