கில்டோவின் சோறில்லாத டிசம்பர்

கில்டோ தட்டில் சோறு வைப்பதை நிறுத்தி ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது அவருக்கும் அவர் மனைவி பெர்லிட்டாவுக்கும் சுகாதார நிலையத்து டாக்டரம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது, டிசம்பர் வரும் வரைக்கும். லாகுனா ஏரிக்கரையில் டிசம்பர் என்றால் எல்லோரும் எல்லோர் வீட்டிலும் சாப்பிடுகிற மாதம். யார் எதைத் தின்றார்கள் என்பதைவிட யார் எதைத் தின்னவில்லை என்பதைத்தான் ஊர் கவனிக்கும்.

முழுப்பெயர் எர்மின்கில்டோ. வயது நாற்பத்தெட்டு. பக்கத்தில் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போவது வேலை. எட்டுப் பிள்ளைகள். ஆறு பேர் தொட்டிக்குள், இரண்டு பேர் அவர் முதுகுக்குப் பின்னால். பதினோரு வருடத்தில் ஒரு பிள்ளையையும் தொலைத்ததில்லை. ஒரு தடவை மட்டும் ஒன்று கூடுதலாக வந்துவிட்டது. அதையும் சாயங்காலம் உரிய வீட்டில் சேர்த்துவிட்டார்.

மே மாதக் கடைசியில், பள்ளி விடுமுறையின்போது, எதிரே வந்த பேருந்தின் பெயர்ப்பலகை கஞ்சி மாதிரிக் கலங்கித் தெரிந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே சுகாதார நிலையத்துக்குப் போனார். சர்க்கரை முந்நூற்றுத் தொண்ணூறு. டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, சோறு, நூடுல்ஸ், ரொட்டி, இனிப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார். கில்டோவுக்குக் குறைக்கத் தெரியாது, நிறுத்தத்தான் தெரியும். காலையில் முட்டை, மத்தியானம் சுட்ட மீனும் வள்ளைக்கீரையும், ராத்திரி முருங்கைக்கீரையும் பச்சைப் பப்பாளியும் போட்ட கோழிச்சாறு. பள்ளி திறப்பதற்குள் கண் தெளிந்தது. டாக்டரம்மாவும் சோதித்துப் பார்த்து ஓட்டலாம் என்றார்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றார் பெர்லிட்டாவிடம். "கண்ணு கலங்கின ஆளு வண்டியில எவன் புள்ளைய ஏத்துவான்?"

பெர்லிட்டா சொல்லவில்லை. அவருக்குச் சோற்று வாசனை படக்கூடாது என்று தன் சோற்றை அடுப்படியில் நின்றபடியே தின்றாள். அது கில்டோவுக்குத் தெரியும். தினமும் மத்தியானம் கெட்டுப்போகாத இன்ஜினைக் கழற்றிப் பூட்டுகிற சாக்கில் பத்து நிமிடம் வெளியே நின்றார், அவள் நிதானமாகச் சாப்பிடட்டும் என்று. இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

டிசம்பர் பதினேழாம் தேதி பக்கத்து வீட்டு டாசியோவின் மகளுக்கு ஞானஸ்நானம், அப்புறம் விருந்து. மேசையில் சோற்று மலை, தொத்திறைச்சி போட்ட இனிப்பு நூடுல்ஸ், பழக்கலவை, முட்டைப்பால் புட்டு. கில்டோ தட்டில் சுட்ட பன்றிக்கறியையும் வெள்ளரிக்காயையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

இங்கே ஒரு சட்டம் உண்டு. சோற்றோடு தின்றால் அது சாப்பாடு. சோறில்லாமல் கறியை மட்டும் தின்றால் அது சரக்குக்குத் தொட்டுக்கொள்வது. மூன்றாவது வகை கிடையாது.

டாசியோ தட்டைப் பார்த்தான். உள்ளே போய் ஜின் பாட்டிலோடு வந்தான்.

"சொல்லியிருக்கலாமேண்ணே. வெறும் வாயில மெல்லுறீங்களே."

"வேணாம்டா."

"வேணாமா? அப்ப வீட்டுலயே போட்டுட்டு வந்தாச்சு."

"நான் குடிக்கலடா."

"குடிச்சவங்க எல்லாரும் முதல்ல சொல்றது அதுதாண்ணே" என்று டாசியோ அன்போடு முதுகில் தட்டினான்.

மறுநாள் விடிகாலைப் பூசை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒன்பது நாள் நடக்கும். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வாழையிலையில் சுட்ட அரிசிமாப் பிபிங்கா, மேலே வெண்ணெயும் சர்க்கரையும். ஊரே கையைச் சுட்டுக்கொண்டு தின்றது. கில்டோ சட்டைப்பையிலிருந்து இரண்டு அவித்த முட்டையும் மடித்த காகிதத்தில் கொஞ்சம் உப்பும் எடுத்தார்.

அரிசிக்கடை ரெமெடியோஸ் அதைப் பார்த்தாள். அவளுடைய இரட்டைப் பையன்கள் கில்டோ வண்டியில்தான் போகிறார்கள்.

"விடியறதுக்கு முன்னாடியேவா?" என்றாள் பக்கத்தில் நின்றவளிடம். "முட்டையும் உப்பும். கையில கிளாஸ் மட்டும்தான் இல்ல." குரலைத் தாழ்த்தினாள். ரெமெடியோஸ் குரலைத் தாழ்த்தினால் மணிக்கூண்டு வரைக்கும் கேட்கும். "அவங்க வீட்டுல அரிசி வாங்குறதும் பாதியா குறைஞ்சுபோச்சு. மீதிப் பணம் எங்க போகுது?"

மீதிப் பணம் முட்டைக்குப் போனது. அதை யாரும் கேட்கவில்லை.

இருபதாம் தேதி மூன்று மணிக்குக் கோயில் கூடத்தில் எட்டுப் பிள்ளைகளின் வீட்டாரும் சேர்ந்து கிறிஸ்துமஸ் விருந்து வைத்தார்கள். வருடா வருடம் வைப்பதுதான். இந்த வருடம் மட்டும் யாரும் கில்டோவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு ரெமெடியோஸ் எழுந்தாள்.

"கில்டோண்ணே, நேராவே கேட்டுடறேன். ஜனவரியில இருந்து புள்ளைங்கள உங்க வண்டியில அனுப்பறதா வேணாமான்னு பேசிக்கிட்டிருக்கோம். கொஞ்சம் ஊதுங்க."

கில்டோ ஊதினார். மத்தியானம் தின்றது சுட்ட கத்தரிக்காயும் பச்சை வெங்காயமும், வினிகர் ஊற்றி. ரெமெடியோஸ் இரண்டடி பின்னால் போனாள்.

"வினிகரு! வாசனைய மறைக்கத்தான் இதக் குடிப்பாங்க. எங்க சித்தப்பா குடிப்பாரு."

கில்டோ கூரையில் தொங்கிய காகித நட்சத்திரத்தைப் பார்த்தார். குடிகாரன் என்றால் எட்டுப் பிள்ளையும் போகும். சர்க்கரைக்காரன் என்றாலும் எட்டுப் பிள்ளையும் போகும். கணக்கில் வித்தியாசமே இல்லை.

"சொல்லித் தொலைங்களேன்" என்றாள் பெர்லிட்டா. அவள் கண்கள் நிறைந்திருந்தன. "குடிகாரன் பொண்டாட்டின்னு எனக்கு ஒரு வாரமா ஆறுதல் சொல்றாங்க. ஒருத்தி செபமாலை குடுத்துட்டுப் போனா."

கில்டோ இடுப்புப்பையைத் திறந்து, சர்க்கரை பார்க்கும் ஒரு சின்ன மீட்டரை வெளியே எடுத்தார். விரலில் குத்தினார். ஒரு சொட்டு ரத்தத்தை மீட்டரில் செருகிய பட்டையில் தொட்டு வைத்தார்.

"நூத்தி இருபத்தெட்டு" என்றார். "மே மாசம் முந்நூத்தித் தொண்ணூறு. கண்ணு மங்கிச்சு. அப்ப லீவு, ஒரு புள்ளையும் வண்டியில இல்ல. சோத்த விட்டேன், கண்ணு சரியாச்சு. சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

ரெமெடியோஸ் மீட்டரை உற்றுப் பார்த்தாள்.

"இது குடிச்சிருந்தா காட்டுமா?"

"காட்டாது. சர்க்கரையத்தான் காட்டும்."

"அப்ப எனக்குப் பாருங்க" என்று விரலை நீட்டினாள், பொருளின் தரத்தைச் சோதிக்கும் கடைக்காரியாக. கில்டோ கையைக் கழுவிவரச் சொல்லி, புது ஊசி மாட்டிக் குத்தினார்.

முந்நூற்றுப் பதினொன்று.

"மெசின் பழசு" என்றாள்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல."

"நூடுல்ஸ் ரெண்டு தட்டு" என்றான் அவள் புருஷன். "அப்புறம் புட்டு."

"அது சாப்பாடா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் பெரிய உருவம் அந்த நிமிடம் சின்னதாகத் தெரிந்தது. கில்டோ அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, "பயப்படாதீங்க. ஒரு தடவை பாத்து ஒண்ணும் சொல்லிட முடியாது. திங்கக்கிழம டாக்டரம்மாகிட்ட வெறும் வயித்துல போங்க, பெர்லிட்டா கூட வருவா" என்றார். பெர்லிட்டா தலையாட்டினாள். அரை மணி நேரத்துக்கு முன்னால் அவள் இதற்குத் தலையாட்டியிருக்க மாட்டாள்.

பெற்றோர்கள் மூலைக்குப் போய் நெடுநேரம் பேசினார்கள். ஒரு தகப்பன் தன் மகளை வேறு வண்டியில் அனுப்பப் போவதாகச் சொன்னார். மே மாதமே சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கில்டோவும் அப்படித்தான் நினைத்தார். மீதி ஏழு பிள்ளைகளின் வீட்டாரும் ஒரு நிபந்தனை போட்டார்கள்: வாரம் ஒரு தடவை, வண்டி கிளம்புவதற்கு முன்னால், பெற்றோர்கள் கண்ணெதிரே விரலைக் குத்திக் காட்ட வேண்டும்.

"சரி" என்றார் கில்டோ. அப்புறம் பன்றிக்கறி இருந்த பக்கமாகப் போனார். இந்தத் தடவை அவருக்குத் தட்டு எடுத்துக் கொடுத்தது டாசியோ. வெள்ளரிக்காயையும் அவனே வைத்தான், தேவைக்கு மேல்.

ஜனவரி முதல் திங்கட்கிழமை ஏழு பிள்ளைகளும் வண்டியைச் சுற்றி வளையமாக நின்றார்கள். மீட்டர் நூற்று அறுபத்து மூன்று காட்டியது.

"நூத்தி அறுபத்து மூணு!" என்று இரட்டையரில் மூத்தவன் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தான்.

ரெமெடியோஸ் கடையிலிருந்து வந்தாள். இரண்டு வாரமாக மாத்திரை தின்கிறவள், இந்த விஷயத்தில் இப்போது டாக்டரம்மாவுக்கு அடுத்தபடி அவள்தான்.

"புத்தாண்டுக்கு என்ன தின்னீங்க?"

"பிபிங்கா."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

கில்டோ கையால் அளவு காட்டினார். அது கொஞ்சம் இல்லை.

"கோயில ரெண்டு சுத்து சுத்திட்டு வந்து வண்டிய எடுங்க" என்றாள்.

அதைவிடப் பெரிய எண்ணோடு அவர் எத்தனையோ நாள் நன்றாக ஓட்டியிருக்கிறார். அதைச் சொல்ல வாயெடுத்தார். ஏழு பிள்ளைகளும் அதற்குள் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அன்றைக்குப் பள்ளிக்குப் பதினைந்து நிமிடம் தாமதம். காரணம் கேட்ட டீச்சரிடம் ஏழு பேரும் ஒரே குரலில் எண்ணைச் சொன்னார்கள்.