சந்தைப் பெண்களுக்கு ஒரு கழிப்பறை

ரீத்தா வாய் திறந்தால் கொட்டாரம் சந்தை முழுக்கக் கேட்கும். சின்னமுட்டத்திலிருந்து விடிகாலை டெம்போவில் மீனோடு வந்து இறங்கும் ஐந்து பெண்களில் அவள்தான் மூத்தவள். அப்படிப்பட்ட வாயாடி ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சந்தையில் இருக்கிறவரை அவள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடம் கிடையாது. போன வருடம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்படியே போனால் கிட்னி போய்விடும் என்று டாக்டரம்மா ஏசித்தான் அனுப்பினார்.

ஒருவழியாகப் பேரூராட்சி கழிப்பறைக்கு இடம் பார்த்தது. சந்தைக்குப் பின்னால், ஜெபமணி வாத்தியாரின் மதிலை ஒட்டிய காலி மண். தெருவே கொதித்தது. ரிட்டயர்டு வாத்தியார் சும்மா இருப்பாரா? நாற்றம் வரும், கொசு வரும், கண்டவர்களும் வருவார்கள் என்று மனு எழுதினார். அவர் மனைவி உட்படப் பதினெட்டு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள்.

மனுவின் நகலைப் பார்த்து ரீத்தாவுக்கு முதலில் வயிறெரிந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பதினெட்டும் அவளுடைய வாடிக்கை வீடுகள். சந்தை கலைந்ததும் மிச்ச மீனை அவள்தான் சுமந்துபோய்க் கொடுக்கிறாள். எந்த வீட்டுக்குச் சாளை, எந்த வீட்டுக்கு நெய்மீன் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கையெழுத்துப் போட்டவர்கள் இதை மறந்துபோனார்கள்.

மறுநாள் ஐந்து பேரும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தார்கள். பதினோரு மணிக்கு வாத்தியார் வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் மனைவி நேசம்மாள் சட்டியோடு வந்தார்.

"மீனு பொறவு பாக்கலாம்மா. ஒங்க கக்கூஸ கொஞ்சம் தொறந்து தாருங்க. நிக்க முடியல்ல," என்றாள் ரீத்தா.

வாத்தியார் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நேசம்மாள் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாசலைத் திறந்தார். ஐந்து பேரும் போய், கழுவி விட்டு வந்தார்கள். அடுத்த நாள் பக்கத்து வீடு. அதற்கடுத்த நாள் எதிர்வீடு. முகம் பார்த்து முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

சனிக்கிழமை பேரூராட்சியில் கூட்டம் போட்டார்கள். வாத்தியார் எழுந்து, "குடும்பங்கள் குடியிருக்கிற எடம்..." என்று ஆரம்பித்தார்.

"சாரே," என்றாள் ரீத்தா, "நாங்க வெட்டித் தாற மீனு ஒங்க அடுக்களைக்குள்ள வரலாம். நாங்க மதிலுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கப்பிடாது, இல்லியா?"

பின்வரிசையில் நேசம்மாள் எழுந்தார்.

"நேசம், நீ இரி," என்றார் வாத்தியார்.

நேசம்மாள் உட்காரவில்லை. "எனக்க பேர அந்த மனுவுல இருந்து வெட்டிருங்க. கக்கூஸ் நம்ம மதில ஒட்டியே வரட்டும். கெட்டி முடியுற வரைக்கும் நம்ம பின்வாசல பூட்டமாட்டேன்."