நாய்க்கு எரியாத விளக்கு

என் மனைவிக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. போன வருடம் அது கண்ணில் கை வைத்தது. பகலில் சமாளித்துக்கொள்ளலாம், இருட்டில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார் கண் டாக்டர். ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வீட்டுக்குப் பின்னால் நல்லதாக ஒரு விளக்கு போட்டுத் தர வேண்டும்.

எங்கள் வீடு ஒரகடம் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பின்னால் சிமெண்ட் போட்ட முற்றம். அதில் தண்ணீர்த் தொட்டி, துவைக்கிற கல். இடுப்பளவு மதில், அதில் ஓர் இரும்புக் கேட். கேட்டைத் திறந்தால் சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் மூன்று மாடிக் கட்டடம், அறைக்கு ஆறு பேர் ஏழு பேர் என்று கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்தி இளைஞர்கள். பஞ்சாயத்துத் தண்ணீர் நாலு மணிக்கு மேல் வந்து அரை மணி நேரத்தில் நின்றுவிடும். அதைப் பிடிக்க அவள் இருட்டில் எழுந்து பின்னால் போயாக வேண்டும். விளக்கு கேட்டது அதற்காகத்தான்.

சாதாரணமாக ஒரு குழல்விளக்கை வாங்கி மாட்டியிருக்கலாம். எனக்குத்தான் அது ஒத்துவராது. கார் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடமாக மெயின்டனன்ஸில் இருக்கிறேன், அதிலும் சென்சார் என் பிரிவு. பிரஸ் மெஷினுக்குள் கை போனால் மெஷின் நிற்க வேண்டும், அதற்கு ஒரு சென்சார் உண்டு. எண்ணெய்ப் புகை போனாலும் சில நேரம் நின்றுவிடும். லைன் நின்றால் சூப்பர்வைசர் குதிப்பார். நான் போய் அந்தப் பொய் சிக்னலை அடக்கிவிட்டு வருவேன். வேண்டாத சிக்னலை அடக்குவதில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று ஷிப்டில் சொல்வார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மூன்று நாள் சாயங்காலம் போனில் படித்தேன். வீட்டுக்கு வெளியே மாட்டுகிற ஃப்ளட் லைட், ஆள் நடமாடினால் தானாக எரிவது, அதுதான் என்று முடிவு செய்துவிட்டு அவளையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாலு வகையை எடுத்து மேஜைமேல் வைத்தார். சோலாரில் ஓடுவது ஒன்று. ஐப்பசி மழையில் எட்டு மணிக்கே படுத்துவிடும் என்று தள்ளிவைத்தேன். ஐம்பது வாட் ஒன்று, மைதானத்துக்குப் போடலாம். கடைசியில் முப்பது வாட்டில் வெள்ளை வெளிச்சம் உள்ளதை எடுத்தேன். மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கும் போலிருக்கிறதே என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. மஞ்சளில் தெளிவு இருக்காது என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் அவள் கடைக்காரரைப் பார்த்து, என்னைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்.

"சுச்சு போட்டா எரியணும், அணைச்சா அணையணும். அந்த மாரி ஒண்ணு இல்லீங்களா? எனக்கு அவ்ளோதான் வேணும்."

நான் சிரித்தேன். கடைக்காரரும் மரியாதைக்குச் சிரித்தார். இருபத்தாறு வருடம் சென்சாரோடு குடித்தனம் நடத்துகிறவனின் பெண்டாட்டி கேட்கிற கேள்வியா இது என்று அவரிடம் சொன்னேன். அவள் வெளியே போய் பைக் பக்கத்தில் நின்றுகொண்டாள். வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தி அவளுக்குச் சர்க்கரை இல்லாத டீ வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு, ஒன்பதடி உயரத்தில், சமையலறைச் சுவரில் மாட்டினேன். அடியில் மூன்று திருகு இருந்தது. எவ்வளவு இருட்டினால் எரிய வேண்டும், எவ்வளவு நேரம் எரிய வேண்டும், எவ்வளவு தூரத்து அசைவுக்கு எரிய வேண்டும். மூன்றையும் திருகித் திருகி, முற்றத்தில் நடந்து நடந்து பார்த்தேன். பாவம், அவளும் நான் சொன்ன இடத்தில் எல்லாம் போய் நின்றாள். கேட்டைத் திறந்ததும் பளிச்சென்று எரிந்தது. அரை நிமிடத்தில் தானாக அணைந்தது. கேட்டுக்கு வெளியே சந்தில் போகிறவர்களுக்கு எரியவில்லை. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்தான் தூங்கினேன். எதிர்க் கட்டடத்தில் யாரும் தூங்கவில்லை. கேட்டுக்கு அடியில் உள்ள இடைவெளி வழியாக நாய்கள் வந்து போவது எனக்குத் தெரியும், எத்தனை தடவை என்றுதான் தெரியாது. நாய் வந்தால் எரியும், போனால் அணையும், அடுத்த நாய்க்கு மறுபடி எரியும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஓர் இளைஞர் கேட்டருகே வந்து நின்றார். கையில் கம்பெனி அடையாள அட்டை, கண்ணெல்லாம் சிவப்பு.

"அண்ணாச்சி, ராத்திரி பூரா ஒங்க லைட்டு மின்னி மின்னி எரியி. நேரா மொகத்துல அடிக்கி. அஞ்சு மணி பஸ்ஸ புடிக்கணும், ஒறக்கமே இல்ல."

நியாயமான பேச்சுதான். விளக்கைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பியிருக்கலாம். இல்லை, கேட்டுக்கு அடியில் உள்ள இடைவெளியை ஒரு பலகை வைத்து அடைத்திருக்கலாம், ஒரு மணி நேர வேலை. ஆனால் என் மூளை கம்பெனி மூளை. இது பொய் சிக்னல், அடக்க வேண்டும் என்றுதான் அது யோசித்தது. கருப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்துச் சென்சாரின் கண்ணாடியில் கீழ்ப்பாதியை மறைத்து ஒட்டினேன். இனிமேல் இடுப்பு உயரத்துக்குக் கீழே எது போனாலும் அதற்குத் தெரியாது. ஆளுக்கு எரியும், நாய்க்கு எரியாது.

சோதித்துப் பார்க்காமல் எந்த வேலையையும் முடித்தேன் என்று சொல்கிற பழக்கம் எனக்கில்லை. பொழுது சாய்ந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையையும் முழங்காலையும் ஊன்றி, கேட்டிலிருந்து துவைக்கிற கல் வரைக்கும் நாலு காலில் தவழ்ந்து போனேன். எரியவில்லை. திரும்பித் தவழ்ந்து வந்தேன். எரியவில்லை. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, வயசான காலத்தில் இதென்ன கூத்து என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. எழுந்து நின்றேன், விளக்கு எரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

இரண்டு நாள் கழித்து, உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தால் விளக்கு அணைந்துவிடுகிறது என்றாள். எழுந்து நின்றால் எரியுமே என்றேன். சரி என்று விட்டுவிட்டாள். அவள் எதையும் இரண்டாவது தடவை சொல்ல மாட்டாள். சொல்ல வைக்கிற ஆள் நானும் இல்லை.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. எனக்கு மூன்றாம் ஷிப்ட். எங்கள் கம்பெனியில் அது ஐந்து மணிக்கு முடியும். கம்பெனி பஸ் என்னைச் சந்து முனையில் ஐந்தே முக்காலுக்கு இறக்கிவிட்டது. தூறல் இருந்தது, வானம் இன்னும் வெளுக்கவில்லை. முன்வாசலுக்குச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டுப் பின்கேட்டைத் திறந்தேன்.

என்னைக் கண்டதும் விளக்கு எரிந்தது.

துவைக்கிற கல்லுக்கும் கேட்டுக்கும் நடுவில் என் மனைவி ஒருக்களித்துக் கிடந்தாள். புடவை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. குடம் ஒரு பக்கம் உருண்டு கிடந்தது. முழங்கையெல்லாம் சிராய்ப்பு. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். பல் கிட்டித்துப்போய், வார்த்தை வார்த்தையாகத்தான் அவளால் பேச முடிந்தது.

"கைய கைய ஆட்னேங்க. எரியல."

நாலே காலுக்குத் தண்ணீர் பிடிக்க வந்திருக்கிறாள். அப்போது விளக்கு எரிந்திருக்கிறது. பாசியில் கால் வழுக்கி விழுந்த பிறகுதான் அணைந்திருக்கிறது. எழுந்திருக்க முடியவில்லை. கேட்டை நோக்கி முழங்கையை ஊன்றி ஊன்றி நகர்ந்திருக்கிறாள். ஐந்து மணிக்குச் சற்று முன்னால் எதிர்க் கட்டடத்து இளைஞர்கள் பஸ்ஸுக்குப் போயிருக்கிறார்கள். கேட்டுக் கம்பி வழியாக அவர்கள் கால்களைப் பார்த்ததாகச் சொன்னாள். கூப்பிட்டிருக்கிறாள். மழை, காதில் இயர்போன், சாலையில் கண்டெய்னர் லாரி. யாருக்கும் கேட்கவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் இருட்டாக இருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவுமில்லை. ஒரு நாய் மட்டும் வந்து, முகத்தருகே மோந்து பார்த்துவிட்டுப் போனதாம்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உடனே ஆபரேஷன் செய்துவிடலாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். மழையில் ஒன்றரை மணி நேரம் கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டுவிட்டது, சர்க்கரையும் ஏறிவிட்டது. மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று பத்து நாளைக்கு மேல் தள்ளிப்போட்டார்கள். அத்தனை நாள் அசையாமல் கிடந்த உடம்பு அதற்கப்புறம் பழையபடி எழுந்து வரவில்லை. சீக்கிரம் செய்திருந்தால் நன்றாக நடந்திருப்பார் என்று டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. எது நடந்தாலும் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு எழுத வேண்டும். எத்தனையோ தாள்களில் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வேண்டாம் என்றாலும் மனசு அதையே செய்தது. ஏன் விழுந்தாள், பாசி. ஏன் அங்கேயே கிடந்தாள், எலும்பு முறிவு. ஏன் யாரும் பார்க்கவில்லை, இருட்டு. ஏன் இருட்டு, விளக்கு எரியவில்லை. ஐந்தாவது ஏன் வந்தபோது காபி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலம் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன் முதல் வேலையாக ஏணியை எடுத்தேன். டேப்பை உரித்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பிசின் இருந்தது. அதையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். எதற்காக அவ்வளவு அவசரமாகத் துடைத்தேன் என்று கேட்டால், என் மகள் குன்றத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அதுதான் காரணம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் காரணம்.

மகள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், அழுதாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் கேட்டாள்.

"அந்த லைட்டுக்கு இன்னாம்மா ஆச்சி? அப்பா அவ்ளோ பெருமையா மாட்னாரே."

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். அதிக நேரம் பார்க்கவில்லை.

"கரண்ட் இல்லடி. மூணு மணிக்கே பூட்ச்சி."

மகள் மின்வாரியத்தைத் திட்டினாள். என் மனைவி என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்ற நன்றிதான் அப்போது இருந்தது. அன்றைக்குச் சொல்ல முடியாததை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். டிஸ்சார்ஜ் ஆகும்வரை அந்த நாளை வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் புது இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருந்தன. மகள் தன் சம்பளத்தில் வாங்கி, ஆளை வைத்து மாட்டிவிட்டிருந்தாள். இனிமேல் அம்மா ஒரு நிமிடம்கூட இருட்டில் இருக்கக் கூடாது என்றாள். என் மனைவி வாக்கரைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் இப்போது கூடத்துக்கும் குளியலறைக்கும் மட்டும்தான் நடக்கிறாள். முற்றத்துக்கு இறங்குவதில்லை. தண்ணீர் நான்தான் பிடிக்கிறேன். நான் போகும்போதெல்லாம் விளக்கு தவறாமல் எரிகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். சாயங்காலம் ஆறரைக்கு ஊர் முழுக்கக் கரண்ட் போனது. எதிர்க் கட்டடத்தில் ஒரே கூச்சல். எங்கள் வீட்டில் மட்டும் விளக்கும் ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன. மகளுக்கு அதில் ஒரு திருப்தி. அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னிக்கே இது இருந்திருந்தா அம்மா இந்நேரம் நடந்துகினு இருப்பாங்க, இல்லப்பா?"

என் மனைவி கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை பார்வையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் சொன்ன பொய் எனக்குக் கொடுத்த தவணை என்றும், இத்தனை மாதமாக நானே வாய் திறப்பேன் என்று காத்துக்கொண்டிருக்கிறாள் என்றும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆமாம்மா," என்றேன்.

அவள் காலை மகளின் மடியிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டு, வலிக்கிறது போதும் என்று சொல்லி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.