தொட்டியில் கால் வைக்கும் முன்

வெந்நீர்த் தொட்டி விற்பவருக்குப் பேச்சு வேண்டும். அதைப் பொருத்திக் கொடுப்பவருக்குக் ‘கூடாது’ என்று சொல்லும் தைரியம் வேண்டும். எனக்கு அந்த ஒரு சொல்தான் வாயில் வராது. கூச்சத்தோடு வாடிக்கையாளர் முன் நிற்கும் வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும். மின்னியல் படித்துவிட்டு, கழுத்தளவு வெந்நீரில் உட்காரும் ஹாட் டப்பை வீடுகளுக்கு வைத்துத் தரும் கம்பெனியில் இருக்கிறேன். ‘ஆபத்தில்லை’ என்று கையெழுத்துப் போட்டு ஒப்படைப்பது என் பொறுப்பு. உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஒரே வீட்டில் நான் பட்ட பாடு இது.

மொட்டை மாடி

வீட்டுக்காரர் ராஜவேலு நெல் பயிரிடுபவர். அவர் மனைவி கஸ்தூரி அம்மாவின் முழங்கால் வலிக்காக, பெங்களூரில் இருக்கும் மகன் தொட்டியை வாங்கி அனுப்பியிருந்தார். மாடியில் வைத்தால் ஏரியைப் பார்த்தபடி உட்காரலாம் என்பது ராஜவேலுவின் ஆசை. தண்ணீரும் ஆட்களுமாகத் தொட்டி இரண்டு டன் வரும். பழைய வீடு. வாயால் சொல்ல முடியாமல், நோட்டில் எழுதி நீட்டினேன்: ‘மாடியில் ஒரே மூலையில் இருபத்தேழு நெல் மூட்டை அடுக்குவீர்களா?’

இரண்டு முறை படித்தார். “காய வெக்கிறதுன்னாகூட பரப்பித்தாம்மா போடுவேன், குவிக்க மாட்டேன். கீழயே வெச்சுடு.”

எண்ணெய்க் கிண்ணம்

கிணற்றடிக்கு அப்பால் கான்கிரீட் தளம் போட்டு, தொட்டியை இறக்கித் தண்ணீர் நிரப்பினோம். மறுநாள் காலை, மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் மின்கசிவு ஸ்விட்சின் சோதனைப் பட்டனை அழுத்தினேன். ஸ்விட்ச் விழுந்தது, தொட்டியின் மோட்டாரும் நின்றது. திரும்பப் போட்டுத் தண்ணீரைச் சூடேற விட்டேன்.

கஸ்தூரி அம்மா நல்லெண்ணெயும் சீயக்காயுமாக வந்தார். எண்ணெய் ஃபில்டரை அடைத்துவிடும், மேலுக்குக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், பிரஷர் மாத்திரை சாப்பிடுவதால் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும், கால் மணி நேரம் போதும் என்று தரையைப் பார்த்தபடி ஒப்பித்தேன். போன் போட்டு டாக்டரைக் கேட்டார். மிதமான சூடு போதும் என்றாராம்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “குளிக்கிறதுக்கு முன்ன குளிச்சுட்டு வரணும்னா, இதுக்கு இன்னாதான் பேரு வெச்சுகீறீங்க?”

டைரக்ட்

சாப்பிட்டுத் திரும்பினேன். கஸ்தூரி அம்மா துண்டோடு தொட்டியின் படியில் ஏறிக்கொண்டிருந்தார். ஆள் இறங்கும் முன் பட்டனை இன்னொரு முறை அழுத்துவது என் வழக்கம். அழுத்தினேன். ஸ்விட்ச் விழுந்தது. ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் வலது காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கியிருந்தார்.

“கூடாது! காலை எடுங்க!”

அந்தக் குரல் என்னுடையது என்று எனக்கே சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தால், மின்கசிவு ஸ்விட்சுக்குள் நுழையாமலே ஒரு வயர் நேராகத் தொட்டிக்குப் போயிருந்தது. அந்த ஊர் பம்புசெட்டுகளுக்கெல்லாம் வயரிங் செய்பவர், இங்கே கேபிள் இழுக்க ராஜவேலு கூப்பிட்டிருந்த ஏழுமலை அண்ணன் பக்கத்திலேயே நின்றார்.

“நீ சாப்பிடப் போனதும் சும்மா சும்மா விழுந்துக்கினே இருந்துச்சு. பேஜாரா பூடுச்சு. அதான் டைரக்ட் குடுத்துட்டேன். மோட்டாருக்கெல்லாம் அப்படித்தானே?”

சும்மா விழவில்லை. டேப் சுற்றிய கேபிள் இணைப்பு ஒன்று ஈரத்தரையில் கிடந்து மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. அந்த நேர் வயரைப் பிடுங்கி, இணைப்பே இல்லாத புதுக் கேபிளை இழுத்தோம். பட்டனை மூன்று தடவை அழுத்தினேன். மூன்று தடவையும் ‘டக்’ என்று விழுந்து, எல்லாம் நின்றது. அப்புறம்தான் தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

ஏழுமலை அண்ணன் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகியபடி மெதுவாகச் சொன்னார்: “மோட்டாரு கிட்ட நின்னா கால்ல செருப்பாவது கீது. இதுல முழு உடம்பும் தண்ணியில கீது. நான் யோசிக்கல பாப்பா.”

கால் மணி நேரம்

சாயங்காலம் கஸ்தூரி அம்மா கழுத்தளவு வெந்நீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “காலை எடுன்னு ஒரு அதட்டு அதட்டுன பாரு, எங்க மாமியாகூட என்னை அப்படி அதட்டுனதில்ல.”

எனக்குச் சம்பளம் கொடுப்பது தொட்டியைச் சூடாக்கித் தருவதற்கு, நான் நிம்மதியாக மூச்சு விடுவதோ பட்டனை அழுத்தியதும் அது ‘டக்’ என்று அணையும்போது.