ஆறு கவர் நேரம்

என் வீட்டுக்காரர் லாரியில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிறவர். கூட்டாளிகள் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். அந்த வேலையில் மூச்சு வாங்க நின்றால் சோம்பேறி என்பார்கள். லாரி நிரம்பினால்தான் வீட்டுக்குப் போகலாம். இருபத்திரண்டு வருடம் அப்படியே ஓடிய மனுஷன், போன வருடம் பீரோவோடு படியிறங்கும்போது இடுப்பு பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து மாதம் வீட்டோடு கிடந்தார். உட்காரும்போதும் எழும்போதும் ஒரு 'ஐயோ'. முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: பதினைந்து பெட்டி ஏற்றிக் காட்டினால் பழைய வேலை, இல்லாவிட்டால் கேட்டில் காவல். காவல் வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் இவரை நாற்காலியில் உட்கார வைத்தால் ஆறே மாதத்தில் உருக்குலைந்து போவார். எனக்கு அந்த பயம்தான்.

டாக்டர் சொன்னபடி தெருமுனை ஜிம்மில் சேர்ந்தார். அங்கேயும் லாரிக்குச் சாமான் ஏற்றுகிற அதே அவசரம்தான்! எடையைத் தொடர்ந்து பத்துத் தடவை தூக்கினால் ஒரு செட்; அது முடிந்த கையோடு அடுத்த செட். நாலாம் நாள் பல் தேய்க்கக் கை எழவில்லை.

கோச் பெண் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். "அக்கா, இன்னும் ரெண்டு தடவ தூக்கலாம்னு தோணும்போதே கீழ வெச்சிடணும். அப்புறம் மூணு நிமிஷம் ஓய்வு. இவரு நிக்கவே மாட்டேங்கறாரு."

"நாலு பேரு பாக்க சும்மா நிக்க வெக்கமா இருக்கு," என்றார் இவர், சின்னப் பிள்ளை மாதிரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படுத்தே கிடந்தா மட்டும் மானம் போவாதா?"

நான் மருந்துக் கடைகளுக்குக் காகிதக் கவர் செய்கிறேன். மறுநாள் ஒரு கட்டுக் காகிதத்தை அவர் கையில் திணித்தேன். ஆறு கவர் மடிக்க மூன்று நிமிஷம் ஆகும். "ஒவ்வொரு செட்டுக்கும் ஆறு. மடிச்சிக் குடு, ஒட்டறத நான் பாத்துக்கறேன்." வாரம் மூன்று நாள், மூன்று மாதம் மடித்தார்.

சோதனை நாளன்று நான் கேட்டருகே நின்றேன். ஐந்து பெட்டி ஏற்றியதும் பையிலிருந்து காகிதத்தை எடுத்து மடிக்க உட்கார்ந்தார்.

"எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆயிடுச்சுடோய்!" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாவது கவரோடு சட்டென்று எழுந்துவிட்டார். போச்சு, ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்தேன். என்னைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்து, மீதி மூன்றையும் மடித்துவிட்டுத்தான் ஆறாவது பெட்டியைத் தொட்டார்.

பத்தாவது பெட்டிக்குப் பிறகும் உட்கார்ந்து ஆறு மடித்தார். பதினைந்தும் ஏறின. "திங்கக்கிழம வந்துடுய்யா," என்றார் முதலாளி. அப்பாடா! கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் மடித்த கவர்களை நீட்டினார். பன்னிரண்டும் நேராக இருந்தன. "பசைய எடு, நானே ஒட்டறேன்," என்று தரையில் உட்கார்ந்தார். அந்த 'ஐயோ'வுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.